அளவு பாய் சொன்ன சாட்சி

அவர் எதிரில் யாரும் 'சுமார்' என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கோபமெல்லாம் இருக்காது. ஊர் தெரியாமல் தவறான பஸ்ஸில் ஏறிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "சுமார்னா எவ்ளோ?" என்று கேட்பார். பதில் வரும்வரை வேலையைத் திரும்ப எடுக்க மாட்டார்.

செஞ்சியில் எல்லோரும் அவரை அளவு பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கோர்ட்டுக் காகிதத்தில் நானே டைப் அடித்திருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. ஊர் வைத்த பெயர்தான் அவர் உடம்புக்குச் சரியாகத் தைத்த சட்டை.

பாகிஸ்தானோடு சண்டை நடந்ததே அறுபத்தைந்தில், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் செஞ்சிக்கு டைப்பிஸ்டாக வந்தேன். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வேலை. ஒரே டைப்ரைட்டர். அதில் ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே ஏறி விழும். விழுப்புரத்திலிருந்து ஆள் வந்து இரண்டு தடவை பார்த்தும் அது அடங்கவில்லை. திண்டிவனம் ரோட்டில் ஆயில் இஞ்சின் பட்டறை வைத்திருக்கும் பாயைக் கூப்பிடு என்று பியூன் சொன்னார். வந்தார். ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, மேலே வெள்ளை பனியன், நரைத்த தாடியைக்கூட ஒரே நீளத்தில் வெட்டி வைத்திருந்தார்.

"எழுத்து கொஞ்சம் மேல ஏறுது பாய்."

"கொஞ்சம்னா?"

ஒரு வரி முழுக்க அந்த எழுத்தையே அடிக்கச் சொன்னார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, எஃகு ஸ்கேலால் அளந்தார். "கால் மில்லிமீட்டர்" என்றார். பிறகு குறடால் அந்த எழுத்தின் கம்பியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அழுத்தினார். அதற்குப் பிறகு நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்வரை அந்த எழுத்து வரியை விட்டு நகரவில்லை.

பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பிரிவில் இருந்தவர். பெரிய யுத்தத்தின்போது வடக்கு ஆப்பிரிக்காப் பாலைவனத்தில், எதிரிகளிடம் பிடித்த துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு, எந்தத் தோட்டா போகும் என்று சீட்டு எழுதிக் கட்டுவதுதான் வேலை. "ஒரு சீட்டு தப்பா எழுதினா தங்கச்சி, அதை நம்பி சுடுறவன் கை போயிடும்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அப்படிப் போன கை ஒன்றைப் பார்த்தாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் மனைவி நேர் எதிர். வாய் நிறையப் பேசுகிறவர். வீட்டுக்குப் போனால் என்னை உட்கார வைத்து பாயின் கதைகளையே சொல்வார். "எங்களுக்குப் பேசி முடிக்க வந்தாங்க இல்ல, என்னைப் பார்த்துட்டுப் போனதும் இவரு அம்மா கேட்டாங்களாம், பொண்ணு எப்பிடிடான்னு. ஒரு வாட்டிதான் பார்த்தேன், அதுக்குள்ள இன்னா சொல்றதுன்னாராம். இருபது வருஷம் ஆச்சு. இன்னும் சொல்லல." பாய் பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிரிக்காமல் இருப்பார். தாடி மட்டும் லேசாக அசையும்.

ஒரு தடவை கோட்டை பார்க்க ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். ராஜகிரி உச்சியில் பீரங்கி ஒன்று கிடக்கிறது. அந்தச் சமயம் உச்சிக்குப் போகும் பாலத்தின் கம்பி வேலைக்காக அளவு எடுக்க பாய் மேலே போயிருந்தார். வழிகாட்டி அதிகாரியிடம், இதிலிருந்து குண்டு போட்டால் திருவண்ணாமலையில் போய் விழும் என்று கதை அளந்துகொண்டிருந்தார். பட்டாளத்து ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அதிகாரி பாயைக் கூப்பிட்டுக் கேட்டார். பாய் டேப்பை எடுத்துப் பீரங்கியின் வாயை அளந்து, அந்த அளவைச் சொன்னார்.

"அது சரி, எவ்வளவு தூரம் போகும்?"

"தெரியாதுங்க. குண்டு எடை தெரியணும், மருந்து எவ்ளோ போட்டாங்கன்னு தெரியணும். நான் பார்த்தது வாய்தான்."

வழிகாட்டி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதைகள். சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது. அவர் மனைவியின் அண்ணன் ஒரு பழைய இஞ்சினை விற்க ஏற்பாடு செய்திருந்தார். வாங்க வந்தவர் மேல்சித்தாமூர் ஜைனர், நல்ல விவசாயி. பேச்செல்லாம் முடிந்த பிறகு, பாய் ஒரு பார்வை பார்த்தால் நல்லது என்று இஞ்சினை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். பாய் சிலிண்டரைக் கழற்றி உள்ளே அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வியாபாரம் முறிந்தது. மச்சான் இரண்டு வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரம்ஜானுக்குக்கூட வரவில்லை. அந்த அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். "ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. பேசாம இருந்திருக்கலாம் இல்ல?" என்பார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. நியாயமான ஆள்தான், ஆனால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்வது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்தது. ரேடியோ இருக்கும் டீக்கடைகளில் கூட்டம். எங்கோ ரயிலில் போன பட்டாளத்துச் சாமான்களில் துப்பாக்கி ஒன்று காணாமல் போய்விட்டது என்று போலீசுக்குத் தகவல் வந்திருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் தளவானூர் ஏழுமலை வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள்.

ஏழுமலை வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற சம்சாரி. வீட்டுப் பின்சுவர் மழையில் சரிந்துவிட்டது என்று அதை இடித்தபோது, சுவருக்குள் ஒரு பொந்தில், சாக்கில் சுற்றி அந்தத் துப்பாக்கி இருந்திருக்கிறது. தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரனிடம் சிப்பாயாக இருந்தவர். அங்கே அவர்களை 'சொல்தா' என்பார்கள். அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏழுமலை அதைப் பரண்மேல் போட்டுவிட்டான். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வந்து பார்க்கக் கேட்டவர்களுக்கெல்லாம் இறக்கிக் காட்டியிருக்கிறான்.

அப்போது இருந்த சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்கிறவர். மரக்கட்டை, இரும்பு, பின்னால் இழுத்துத் தள்ளுகிற போல்ட். போல்ட் இருந்தால் அவருக்கு அது த்ரீ நாட் த்ரீ ராணுவ ரைபிள்தான். குழாயின்மேல் எண் எதுவும் தெரியவில்லை. திருட்டை மறைக்க எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டான் என்று எழுதிவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தது ஒரு குற்றம். சண்டைக் காலத்தில் ராணுவச் சொத்தைத் திருடி வைத்திருந்தது அதைவிடப் பத்து மடங்கு. ஏழுமலையைச் சப்-ஜெயிலில் போட்டார்கள்.

துப்பாக்கியை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்து வர மாதங்கள் ஆகும் என்றார்கள். ஏழுமலையின் வக்கீல், உள்ளூரிலேயே தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், கோர்ட்டிலேயே, போலீஸ் கண்ணெதிரிலேயே பார்க்கட்டும் என்று மனுப் போட்டார். எங்கள் மாஜிஸ்ட்ரேட் அனுமதித்தார். சம்மனை டைப் அடித்தது நான்.

அன்று சாயங்காலம் பட்டறையில் நான் இருந்தேன். பக்கத்துக் கடைக்காரர், வயதானவர், பாயின் நல்லதுக்காகத்தான் சொன்னார். "இந்த நேரத்துல துப்பாக்கி விவகாரம் உனக்கு எதுக்கு பாய்? ஊரு வாய் சும்மா இருக்காது. உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடு."

"உடம்பு நல்லாத்தானே இருக்குது" என்றார் பாய்.

அப்போதுதான் பச்சையம்மா வந்தாள். ஏழுமலையின் பெண்டாட்டி. தளவானூரிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்திருக்க வேண்டும், காலெல்லாம் செம்மண். வக்கீல் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார். அந்தத் துப்பாக்கி பழங்காலத்தது, ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாது என்று மட்டும் நிரூபித்துவிட்டால் அது துப்பாக்கியே இல்லை, வெறும் இரும்பு, லைசென்சும் வேண்டியதில்லை, வழக்கே இல்லை.

"அண்ணா, நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். இது ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு சொல்லு. போதும்."

"இன்னும் நான் அத பார்க்கலம்மா."

"பார்த்தா இன்னா, பார்க்காட்டி இன்னா? துரு புடிச்சு கெடக்குது. எங்க வூட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது அண்ணா."

"பார்த்துட்டு, பார்த்தத சொல்றேன்."

"ஒதவாதுன்னு சொல்லுவியா, மாட்டியா?"

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "ஒதவாட்டி, ஒதவாதுன்னு சொல்றேன்" என்றார்.

பச்சையம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளி அவர் பட்டறைக்குள் வீசிவிட்டு, "நீ நல்லா இருப்பியா" என்று சொல்லிவிட்டுப் போனாள். லேத்தின்மேல், திறந்து கிடந்த இஞ்சின்மேல், எல்லா இடத்திலும் மண். அவர் துடைக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று இரவெல்லாம் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

வழக்கு நாளன்று கோர்ட்டு நிரம்பி வழிந்தது. பாய் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, துப்பாக்கியைக் கிடத்தினார். முதலில் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யவில்லை. சும்மா பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு பாய், காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் த்ரீ நாட் த்ரீ தோட்டா ஒன்றைக் கேட்டார். மாஜிஸ்ட்ரேட் தலையசைத்ததும் கான்ஸ்டபிள் கொடுத்தார். அதன் கூர்முனையைத் துப்பாக்கிக் குழாயின் வாயில் வைத்து விட்டார். குண்டு முழுக்க உள்ளே போய்விட்டது. குண்டுக்குப் பின்னால் இருக்கிற பித்தளைக் கழுத்தும் உள்ளே போய், தடித்த இடத்தில்தான் தட்டி நின்றது. ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது.

"த்ரீ நாட் த்ரீயா இருந்தா நுனி மட்டும்தான் போகும், குண்டு வாய்லியே மாட்டி நிக்கும்" என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து தானே ஒரு தடவை செய்து பார்த்தார்.

"துரு தின்னு தின்னு ஓட்டை பெரிசாகியிருக்கும்" என்றார்.

"துரு பெரிசாக்கும், நெசந்தான். இவ்ளோ பெரிசா, இவ்ளோ வட்டமா ஆக்காது. பாருங்க."

குழாயைத் துடைத்து எண்ணெய் விட்டார். மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை வாயில் வைத்து, பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி மறுபக்கம் தள்ளினார். அந்தச் சத்தம் மட்டும்தான் கோர்ட்டில் கேட்டது. ஈயம் வெளியே வந்தபோது குழாயின் உள்பக்கம் அச்செடுத்ததுபோல அதில் பதிந்திருந்தது. சுற்றிச் சுழன்று போகும் வரிகள் நான்கு. த்ரீ நாட் த்ரீக்கு ஐந்து என்றார். சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, "யுத்தத்துல அவசரத்துக்கு ரெண்டு வரி போட்டும் செஞ்சாங்க. அதையும் சொல்லிடணும்" என்றார். எதிர்த்தரப்பு கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொன்னதைப் பார்த்து ஏழுமலையின் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மைக்ரோமீட்டரை எடுத்தார். மூன்று இடத்தில் அளந்து, மூன்றையும் சொல்லி எழுதச் சொன்னார். துரு இல்லாத இடத்தில் பதினோரு மில்லிமீட்டர். "அந்தக் காலத்து இங்கிலீஷ் பட்டாளத் துப்பாக்கி ஒண்ணு கிட்டத்தட்ட இதே மாதிரி பெரிய வாய். ஆனா அது இதவிடப் பெரிசு. துரு குழாயப் பெரிசாத்தான் ஆக்கும். சின்னதாக்காது. அதனால இது அதுவும் இல்ல."

திருகாணி ஒன்றைக் கழற்றி அதன் மரையில் சீப்புபோல் பல் வைத்த எஃகுத் தகடு ஒன்றை வைத்துக் காட்டினார். இங்கிலீஷ் அளவுத் தகடு உட்காரவில்லை. மீட்டர் அளவுத் தகடு உட்கார்ந்தது. கடைசியாக மரக்கட்டையைக் கழற்றினார். மரம் மூடியிருந்த அடிப்பக்கம் துரு அதிகம் தின்னாமல் தப்பித்திருந்தது. அங்கே ஒரு வட்டத்துக்குள் எழுத்து முத்திரை, பக்கத்தில் ஒரு வருஷம். ஒன்று, எட்டு, ஏழு என்று மூன்று எண் படிக்க முடிந்தது, கடைசி எண் போய்விட்டது.

"பிரெஞ்சு பட்டாளத் துப்பாக்கி. பதினோரு மில்லிமீட்டர். ஒரு வாட்டிக்கு ஒரு தோட்டாதான் போடலாம். பாலைவனத்துல இதே மாதிரி அஞ்சு என் கைக்கு வந்துச்சு. வருஷம் எழுபதுலேர்ந்து எழுபத்தொம்பதுக்குள்ள. எதுன்னு சொல்ல முடியாது."

"எண்ணை அரத்தால் தேய்த்திருக்கிறதே?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

பூதக்கண்ணாடியை மாஜிஸ்ட்ரேட்டிடமே நீட்டினார் பாய். "அரம் போட்டா நேர்நேரா கோடு இருக்கும்ங்க. இங்க குழிதான் இருக்குது. துரு தின்ன குழி."

மாஜிஸ்ட்ரேட் வெகுநேரம் பார்த்தார். ஏழுமலை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பச்சையம்மாவின் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

அரசு வக்கீல் அனுபவசாலி. தோற்றுப்போன இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கை வைத்தார்.

"இது இவன் தாத்தாவுடையதா?"

"தெரியாதுங்க. துப்பாக்கில அவர் பேர் இல்ல."

"சரி. இதை வைத்துச் சுட முடியுமா?"

"இப்ப முடியாது. போல்ட்டுக்கு முன்னால ஒரு மூக்குத் துண்டு இருக்கணும். அது இல்ல."

"அந்தத் துண்டைச் செய்து போட்டால்?"

ஏழுமலையின் வக்கீல் பாயையே பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று. அதை மறுத்துச் சொல்ல அந்தத் தாலுகாவில் ஆளே கிடையாது. அவர் விரல்கள் மேஜை விளிம்பில் இருந்தன.

"போட்டா சுடும்" என்றார்.

"யார் செய்ய முடியும் அதை?"

"நான் செய்வேன். மூணு நாள் ஆகும்."

"தோட்டா?"

"கடைல கெடைக்காது. ஆனா வேலை தெரிஞ்சவன் செஞ்சுக்கலாம்."

பச்சையம்மா வாய்விட்டு அலறினாள். "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டவளை இரண்டு பேர் வெளியே அழைத்துப் போனார்கள். பாய் மைக்ரோமீட்டரைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார். மூடி சரியாக உட்காராமல் இரண்டு தடவை திறந்து மூடினார்.

மூன்று நாள் கழித்துத் தீர்ப்பு. அதை டைப் அடித்ததும் நான்தான், அதனால் வாசிக்கப்படும் முன்பே எனக்குத் தெரியும். காணாமல் போன ராணுவ ரைபிள் இது இல்லை, திருட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அந்தக் குற்றத்தை மாஜிஸ்ட்ரேட் தள்ளிவிட்டார். அதற்குச் சொன்ன காரணத்தை நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தும் ஒன்றையும் மறைக்காத இந்தச் சாட்சி, அவனுக்குச் சாதகமாகச் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றம் நிரூபணமானது. அதற்குத் தண்டனை, அன்று கோர்ட்டு கலையும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கி பறிமுதல்.

ஏழுமலைக்கு முதலில் புரியவே இல்லை. வக்கீல் மூன்று தடவை சொன்ன பிறகு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். சாயங்காலம் வரை அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை, எழுந்தால் தண்டனை கூடிவிடுமோ என்று பயந்தவன்போல.

தீர்ப்பு என்ன ஆகிறது என்று பார்க்க பாயும் வந்திருந்தார். வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் இடைவேளையில் ஓடிப்போய் மாஜிஸ்ட்ரேட் எழுதிய அந்த வரியைச் சொன்னேன். மச்சான் விஷயத்தில் அவரைப் பற்றி நான் நினைத்ததற்கெல்லாம் அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"எப்படி பாய் யோசிச்சீங்க? அதை ஒத்துக்கிட்டதாலதான் மத்ததை நம்பினாங்க. தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் திகைப்புதான் இருந்தது.

"இல்ல தங்கச்சி. அதெல்லாம் யோசிக்கல. அவன் உள்ள போயிடுவான்னுதான் நெனச்சேன். என் வாயாலேயே அனுப்பிட்டேன்னு நெனச்சேன். மூணு நாளா சோறு எறங்கல, வீட்ல கேட்டுப் பாரு."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அந்தத் துண்ட எப்பிடிக் கடையறதுன்னு இந்தக் கைக்குத் தெரியுது. அங்க நிக்கறப்பவே தெரியுது. முடியாதுன்னு எப்பிடி சொல்றது?"

ஐந்து மணிக்குக் கோர்ட்டு கலைந்தது. ஏழுமலை வெளியே வந்ததும் பச்சையம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் மட்டும் திரும்பி வந்தாள். பாய்க்கு எதிரில் வந்து நின்றாள். அவர் தலை குனிந்திருந்தார்.

"நீ அன்னிக்கு அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா, சாமின்னு உன் கால்ல விழுந்திருப்பேன்" என்றாள்.

"தெரியும்மா."

"இப்ப வுழ மாட்டேன்."

"வேணாம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரு உள்ள இருந்த மூணு வாரமா கெணத்து இஞ்சின் நின்னு கெடக்குது. நாத்து காஞ்சு போச்சு. பக்கத்து ஊர்க்காரன் வந்து பார்த்துட்டு, புதுசு வாங்குன்னு சொல்லிட்டுப் போனான். அவன நான் நம்பல. நீ வந்து பாரு. இஞ்சின் செத்துப் போச்சுன்னு நீ சொன்னா செத்துப் போச்சு."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாய் தளவானூர் போனார். இதை எனக்குச் சொன்னது ஏழுமலை, பல மாதம் கழித்து ஏதோ நகல் வாங்க வந்தபோது. நாள் முழுக்க இஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான்கு மணிக்கு மேல் அது ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் பச்சையம்மாவே இறங்கி மடையைத் திறந்துவிட்டாள். காய்ந்த நாற்றங்காலின் கடைசி வரப்புவரை ஈரம் போகும்வரைக்கும் பாய் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவள் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாளாம். வாங்கிக் குடித்தாராம்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கலம்மா" என்றான் ஏழுமலை. "சொம்ப வாங்கிக்கிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்தி மறுபடி நீட்டினா. அதையும் குடிச்சாரு."